பொன்மணி டீச்சர் போடாத கையெழுத்து

நான்காம் ஜன்னலுக்கு வந்து நின்ற இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். கல்யாண லைசென்ஸ் வாங்க வருகிறவர்கள் பொதுவாக அப்படி நிற்க மாட்டார்கள். கையைக் கோத்துக்கொண்டு, தோளில் சாய்ந்துகொண்டு, சில சமயம் எனக்கே வேறு பக்கம் பார்க்கத் தோன்றும் அளவுக்கு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள் நிற்பதுபோல் நின்றார்கள்.

அவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நீல டை. தலையில் மிச்சமிருந்த முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். அந்த அம்மாவுக்கு அறுபது சொல்லலாம். வெளிர் பச்சைப் பட்டுப்புடவை, அதற்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், காலில் வெள்ளை வாக்கிங் ஷூ. கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அந்த ஃபைலைப் பார்த்ததுமே நம்மாட்கள் என்று தெரிந்துவிட்டது.

"கான்ஃபிடென்ஷியல் மேரேஜ் லைசென்ஸ், ப்ளீஸ்," என்றார் அவர், பக்கத்து ஜன்னலுக்குக் கேட்காத குரலில்.

"தமிழா?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. இருவர் முகமும் தொங்கிவிட்டது. பதினொரு ஜன்னல் உள்ள ஆபீசில், டோக்கன் மெஷின் பார்த்துப் பார்த்து ஒரு தமிழ்க்காரியிடம் கொண்டுவந்து தள்ளிவிட்டதே என்ற துக்கம் அது.

"ஆமாம்மா," என்றார் அவர். "நீங்க எந்தச் சபை?"

"நான் கோயிலுக்குப் போறவ சார். சபையெல்லாம் இல்ல."

அந்த அம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

ஒரே டோக்கன் மெஷின்

தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பதினேழு வருடம் வேலை பார்த்தது பே ஏரியாவில், ஒரு கவுண்டியின் பதிவு அலுவலகத்தில். கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே கூடத்தில். கல்யாண லைசென்ஸ் வாங்க வந்த ஜோடியும், அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு வந்த பிள்ளையும் ஒரே மெஷினில்தான் சீட்டுக் கிழிக்க வேண்டும்.

கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து, பல வருடம் வீட்டில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, க்ரீன் கார்டு வந்த பிறகு பரீட்சை எழுதிப் பிடித்த வேலை இது. நியமன உத்தரவு வந்த அன்று என் வீட்டுக்காரர், "ஊர் வம்பு கேக்கறதுக்கு சம்பளமும் தராங்களா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

லைசென்ஸ் வாங்க ஆளுக்கு ஓர் அடையாள அட்டை போதும். நம்மாட்களுக்கு அது போதாது. பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ், போட்டோ ஸ்டூடியோ உறைக்குள் எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இதெல்லாம் வேண்டாம் என்று சொன்னால் சந்தோஷப்பட மாட்டார்கள். "அட்டெஸ்டேஷன்கூட வேண்டாமா?" என்று ஏமாற்றத்தோடு கேட்பார்கள்.

போன வாரம் ராகு காலத்தைப் பற்றி எழுதியதற்கு வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். நான் கிண்டல் பண்ணவில்லை ஐயா. வீட்டுப் பத்திரத்தைப் பதிந்தால் அதில் மணியும் நிமிஷமும் விழும். கவலைப்படுகிறவர்கள் கவலைப்படத்தான் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். எங்கள் ஜன்னல் மூடுவதும் நாலரைக்கு. அந்த ஒன்றரை மணி நேரமும் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காக நாலு முப்பத்தொன்றுக்கு ஜன்னலைத் திறந்திருக்கிறேன். ரிடையர் ஆகிவிட்டதால் இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

சரி, நான்காம் ஜன்னலுக்கு வருவோம்.

ரகசியத்துக்கு ஒரு நிபந்தனை

அவர் பெயர் ஞானராஜ். ரிடையரான இன்ஜினியர். மனைவி இறந்து பல வருடமாகிறது. ஒரே மகள் நாட்டின் அந்தக் கோடியில், எடிசனில் இருக்கிறாள். அந்த அம்மாவின் பெயர் பொன்மணி. பாளையங்கோட்டையில் ஸ்கூல் டீச்சராக இருந்தவர். கணவர் போன பிறகு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகன் ஜோயலிடம் குபெர்டினோவுக்கு வந்தவர். இருவரும் ஒரே தமிழ்ச் சபை, பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஒருவரை ஒருவர் "சார்", "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கல்யாண லைசென்ஸ் ஜன்னலில் நின்றுகொண்டு மாப்பிள்ளையை "சார்" என்று அழைத்த ஒரே பெண்ணை என் அனுபவத்தில் அன்றுதான் பார்த்தேன்.

கலிபோர்னியாவில் இந்த லைசென்ஸ் இரண்டு வகை. ஒன்று சாதாரணமானது. கல்யாணத்தின்போது ஒரு சாட்சியாவது கையெழுத்துப் போட வேண்டும். பதிவாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். இன்னொன்று கான்ஃபிடென்ஷியல். சாட்சி வேண்டாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் அந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் நாங்கள் காட்ட மாட்டோம்.

ஞானராஜ் சார் இணையத்தில் இது வரைக்கும் படித்திருக்கிறார். சாட்சி வேண்டாம், வெளியே தெரியாது. ஆகா என்று விண்ணப்பத்தை நிரப்பி, மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஆபீசிலேயே கல்யாணத்துக்கு நேரமும் வாங்கிவிட்டார். அடுத்த வரியைப் படிக்கவில்லை.

நான் படிவத்தைத் திருப்பி வைத்து, வழக்கமாகச் சொல்வதைத் தமிழில் சொன்னேன். "ரெண்டு பேரும் வலது கையத் தூக்குங்க. நீங்க ரெண்டு பேரும் கணவன் மனைவியா ஒரே வீட்ல சேர்ந்து வாழ்ந்துட்டு இருக்கீங்கன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்."

பாதி தூக்கிய கையைப் பொன்மணி டீச்சர் கீழே இறக்கினார்.

"என்ன சொல்லுதீங்க?"

"இந்த லைசென்ஸ் ஏற்கெனவே சேர்ந்து வாழறவங்களுக்குத்தான், அக்கா."

அவர் முகம் சிவந்தது. ஞானராஜ் சாரைத் திரும்பிப் பார்த்தார். அவர் படிவத்தின் அந்த வரியை முதல் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏழு வருஷமா சார் கார்லதான் ஜெபக் கூட்டத்துக்குப் போறேன்," என்றார் டீச்சர். "ஒரு நாள் முன் சீட்டுல உக்காந்தது கிடையாது. பின் சீட்டுலதான். எங்களப் போயி..."

"டீச்சர், இது ஒரு ஃபார்மாலிட்டிதான்," என்று ஞானராஜ் சார் மெதுவாக ஆரம்பித்தார்.

"உங்களுக்கு ஃபார்மாலிட்டியா இருக்கலாம், சார்."

அந்த இடத்தில் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மனசு கேட்கவில்லை. இந்த வயசில் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ள வந்திருக்கிறார்கள், ஒரு வரியால் நின்றுபோகிறதே என்று பட்டது. கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, "அக்கா, வீட்டுக்கு வந்து யாரும் செக் பண்ண மாட்டாங்க. போடறவங்க போட்டுட்டுப் போயிட்டேதான் இருக்காங்க," என்று சொல்லிவிட்டேன்.

பொன்மணி டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க கவர்மென்டு ஆளு. நீங்களே இப்படிச் சொல்லலாமா?" குரல் ஏறவில்லை. "முப்பத்தோரு வருஷம் ஆறாங்கிளாஸ் எடுத்திருக்கேன். அப்பா கையெழுத்தத் தானே போட்டுட்டு வந்த பயலுவள முட்டி போட வச்சிருக்கேன். இப்போ நான் பொய்க் கையெழுத்துப் போடுததா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த வேலையில் அதிகாரிகள் எத்தனையோ முறை என்னைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார்கள். அதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதுதான். இது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

"மன்னிச்சிருங்க, அக்கா," என்றேன்.

மூன்று ஞாயிறு

ஏன் இவ்வளவு ரகசியம் என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லை. டீச்சரே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். எனக்கு அப்போது சாப்பாட்டு இடைவேளை.

அவர்கள் சபையில் கல்யாணம் என்றால் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்கு யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் படிப்பார். இருபது வயசுப் பெண்ணுக்கே வேர்த்துக் கொட்டும். பேரப்பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்க, பாட்டியின் பெயரை மூன்று வாரம் படிக்க வேண்டும்.

"அந்த மூணு வாரமும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க உக்காருவேன்," என்றார்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருந்தது. ஜோயலுக்கு டெக்சாஸில், கேட்டியில் வேலை மாறிவிட்டது. இன்னும் பத்து நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறார்கள். அம்மாவும் வருவார் என்பதை யாரும் கேட்கக்கூட இல்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஜோயலுக்கு இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"முடிச்சிட்டு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்," என்றார் டீச்சர். "முடிஞ்ச பெறகு அவனால வேண்டாம்னு சொல்ல முடியாதுல்லா?"

ஞானராஜ் சார் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று நடக்காவிட்டால் பத்து நாளில் இந்த அம்மா விமானம் ஏறிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் கையில் இன்னொரு கவர் இருந்தது. என்ன என்று கேட்டதற்குக் கூச்சத்தோடு எடுத்துக் காட்டினார். அவருடைய வீட்டுப் பத்திரத்தில் டீச்சரையும் சேர்ப்பதற்கான படிவம். "ஒரே பார்க்கிங்ல ரெண்டு வேலையும் முடிச்சிடலாமேன்னு கொண்டுவந்தேன்," என்றார். அதில் கணவன், மனைவி என்று முன்கூட்டியே டைப் செய்தும் வைத்திருந்தார்.

இந்த ஊர்ப் பத்திரங்களில் பெயரை எழுதி ஒரு கமா போட்டு, அதற்குப் பிறகு அந்த ஆள் யார் என்று எழுதுவார்கள். மணமாகாத ஆண். மணமான பெண், தன் தனிச் சொத்தாக. விதவை. ஒரு மனுஷியின் மொத்த வாழ்க்கையும் இரண்டு மூன்று வார்த்தைக்குள் முடிந்துவிடும். வருடக்கணக்கில் இவற்றை ஸ்கேன் செய்தும் எனக்கு அது பழகவில்லை.

டீச்சரும் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார். "ஜோயல் வீடு வாங்கும்போது எம் பேரையும் பத்திரத்துல சேத்தான், பாவம். பேருக்குப் பக்கத்துல விதவைன்னு போட்டிருந்தது. டீச்சரா இருந்தேன்னு போடல," என்றார். பிறகு ஞானராஜ் சாரிடம், "இத உள்ள வைங்க சார். முதல்ல நடக்க வேண்டியது நடக்கட்டும்," என்றார்.

சாட்சி

வேறு வழியில்லாமல் சாதாரண லைசென்ஸுக்கே விண்ணப்பித்தார்கள். "சபைல யாராச்சும் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டா?" என்று டீச்சர் கேட்டார். "நம்மாளுங்க பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சுன்னுதான் தேடுவாங்க, அக்கா. கல்யாணத்தத் தேடி நான் பார்த்ததில்ல," என்றேன். அது உண்மை. எங்கள் தெருவில் நான்கு வீட்டை நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸ் கையில் வந்தபோது மணி ஒன்றேகால். இனி சாட்சிக்கு ஆள் வேண்டும். ஆபீஸ் ஊழியர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் அது ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே தினமும் நடப்பதுதான். டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத யாரையாவது கேட்பார்கள், அவர்களும் சந்தோஷமாக வந்து போட்டுவிட்டுப் போவார்கள்.

ஞானராஜ் சார், பத்திரம் பதிய வந்திருந்த ஒரு மெக்சிகோக்காரரிடம் போய்க் கேட்டார். பெயின்ட் தெறித்த பூட்ஸோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதர் உடனே எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு டீச்சருக்கு வணக்கம் சொன்னார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "இவுக யாரும்மா?"

"சாட்சி போட வந்திருக்கார், அக்கா."

"எங்கள இவுகளுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சிருக்கணும்னு சட்டம் இல்ல."

டீச்சர் அந்த மனிதரைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். பிறகு ஃபைலின் பட்டனைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"சாட்சின்னா நாளைக்கு நாலு பேரு கேட்டா, ஆமா நான் பாத்தேன், இன்னார்தான்னு சொல்லணும்லா? இவுக எங்க போயிச் சொல்லுவாக? பெத்த பிள்ள நாலு மைல்ல இருக்கான். அவன வச்சிக்கிட்டு வழியில போறவுகள நிறுத்திக் கையெழுத்து வாங்குதேனே."

ஞானராஜ் சார் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், யோசிச்சுப் பாருங்க. தம்பி வந்தா இன்னைக்கு நடக்காது."

"தெரியும் சார்," என்றார் டீச்சர். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

ஜோயல்

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். நாற்பது வயசிருக்கும். ஆபீஸ் பேட்ஜ் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. என் இடைவேளை முடிந்து நான் ஜன்னலுக்குத் திரும்பியிருந்தேன். பெஞ்சு எனக்கு நேர் எதிரே. ஒட்டுக்கேட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

ஜோயல் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

ஞானராஜ் சார் எழுந்தார். "தம்பி, தப்பு என்னுதுதான். நான்தான் முதல்ல..."

"அங்கிள், நீங்க கொஞ்சம் இருங்க." ஜோயல் அவர் பக்கம் திரும்பவில்லை. "கேட்டில பார்த்த வீட்லல்லாம் பெட்ரூம் மாடியிலதாம்மா. உங்களுக்கு முட்டி வலின்னு கீழ ஒரு ரூம் இருக்கற வீடா தேடித் தேடி எடுத்தோம். ஆறு வாரம் தேடினோம். அந்த ரூமுக்கு கர்ட்டன்கூட வாங்கியாச்சு."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் என்ன நினைப்பதென்று தெரியவில்லை. அதுவரை டீச்சர் பக்கம் நின்றுகொண்டிருந்த என் மனசு அந்த கர்ட்டனைக் கேட்டதும் தடுமாறிவிட்டது.

"அப்பா போட்டோ முன்னால தினமும் ஜெபம் பண்றீங்க," என்றார் ஜோயல்.

"இன்னும் பண்ணுவேன். சாருக்கும் தெரியும்."

ஜோயல் விருட்டென்று எழுந்து என் ஜன்னலுக்கு வந்தார். டோக்கன் இல்லை. நானும் கேட்கவில்லை.

"மேடம், இதுக்கு அப்ஜெக்‌ஷன் சொல்ல இங்க ஏதாவது ஃபார்ம் இருக்கா?"

"இல்ல சார். ரெண்டு பேரும் மேஜர், ரெண்டு பேருக்கும் இப்ப வேற கல்யாணம் இல்ல. அது போதும். மத்தவங்க சொல்றதுக்கு இங்க இடம் கிடையாது."

"இங்க இல்லல்லா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பொன்மணி டீச்சர் எழுந்து நின்றிருந்தார். "சபைல இருக்கு. ஓலை வாசிக்கச் சொல்லுதேன், ஜோயல். மூணு ஞாயிறும் வாசிக்கட்டும். தடை இருந்தா அங்க வந்து எல்லாரு முன்னாலயும் எந்திரிச்சிச் சொல்லு. நானும் அங்கதான் உக்காந்திருப்பேன்."

கூடத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. இருந்தும் அந்தக் குரலுக்கு இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆறாம் வகுப்பில் இப்படித்தான் பேசியிருப்பார்.

ஜோயல் அம்மாவைப் பார்த்தபடி நின்றார். "நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேம்மா. தப்பா நினைக்காதீங்க," என்றார். பிறகு போய்விட்டார்.

டீச்சர் லைசென்ஸை ஃபைலுக்குள் வைத்தார். "இது எத்தன நாளைக்குச் செல்லும்?" என்று கேட்டார். தொண்ணூறு நாள் என்றேன். இரண்டு மணிக்கு வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்யச் சொன்னார். அந்த மெக்சிகோக்காரர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஞானராஜ் சார் டையைத் தளர்த்திக்கொண்டு, "சரி டீச்சர். நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப," என்றார். போனால் போகிறதென்று அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் இந்நேரம் கல்யாணம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்களே என்று ஒரு நிமிஷம் டீச்சர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

தபாலில் வந்தது

சடங்கு முடிந்ததும் நடத்திவைத்தவர் லைசென்ஸைப் பத்து நாளுக்குள் எங்களுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் சரிபார்த்துப் பதிவு செய்தால்தான் சான்றிதழ். தினமும் கட்டுக் கட்டாக வரும். அந்த வருடம் கோடை ஆரம்பிக்கும் சமயத்தில் ஒரு கவரைப் பிரித்தால் பொன்மணி, ஞானராஜ். சபையில் நடந்திருக்கிறது. போதகரின் கையெழுத்து.

சாட்சி வரிக்கு என் கண் தானாகப் போனது. ஜோயல்.

பக்கத்தில் முகவரி. முதலில் குபெர்டினோ என்று பாதி எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே கேட்டி, டெக்சாஸ் என்று எழுதியிருந்தார். வருடக்கணக்கில் எழுதிய முகவரி, கை பழக்கத்தில் போய்விட்டிருக்கிறது. கட்டை விரலால் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். விமானம் ஏறி வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சந்தோஷம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. லைசென்ஸில் அடித்தல் திருத்தல் இருந்தால் பதிவு செய்ய முடியாது. புது நகல் எடுத்து, போதகரும் சாட்சியும் மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கண்டுகொள்ளாமல் முத்திரை குத்திவிடலாமா என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் இந்த அம்மாவின் காகிதத்தில் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

விதிப்படி போதகருக்குக் கடிதம் போட்டால் போதும். நான் டீச்சருக்கு போன் செய்தேன்.

வாழ்த்துச் சொன்னேன். ஓலை வாசித்தபோது ஜோயல் எழுந்தாரா என்று கேட்டேன்.

"முதல் ஞாயிறு சபைக்கே வரல. அடுத்த ஞாயிறு வரும் முன்ன வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நான் சபைல ஒரு அக்கா வீட்டுல இருந்தேன்," என்றார் டீச்சர். "கல்யாணத்துக்கு வருவான்னு நெனைக்கவே இல்லம்மா. காலைல ஏர்போர்ட்ல இருந்து நேரா வந்தான். சாட்சி யாருன்னு ஐயர் கேட்டாக, இவன் எந்திரிச்சிட்டான். கையெழுத்துப் போட்டான். எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசல. பிரியாணி போட்டிருந்தது. சாப்பிடாமலே சாயங்கால ஃப்ளைட்டப் பிடிச்சிப் போயிட்டான்."

அவர்கள் போதகரை ஐயர் என்பார்கள். எனக்கு ஒரு கணம் குழம்பித்தான் புரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அடித்தல், திருத்தல், புது நகல், மறு கையெழுத்து.

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஜோயல் மறுபடியும் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா டீச்சர். ஆனா அவர் வரணும்னு இல்ல. தபால்ல கேட்டிக்கு அனுப்பினா போதும். போட்டு அனுப்பிடுவார்."

"வந்து போட்டாலும் செல்லுமா?"

"செல்லும்."

"எத்தன நாளு இருக்கு?"

"அவசரம் இல்ல. ஒரு மாசத்துக்குள்ள வந்தா நல்லது."

பின்னால் ஞானராஜ் சார் யார் போனில் என்று கேட்பது கேட்டது. பொன்மணி டீச்சர் ரிசீவருக்கு இன்னும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தபால்ல அனுப்பலாம்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்ல. என்ன?"

"சொல்லவே இல்ல, டீச்சர்," என்றேன்.